மோஷன் கன்ட்ரோலர் தனியாக வாங்கலாமா? காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கையை வீசினால் திரையில் பந்து பறக்கிறது. குனிந்து நிமிர்ந்தால் திரையில் இருப்பவரும் குனிந்து நிமிர்கிறார். யாராவது ஆடிக் காட்டும்போது மோஷன் கன்ட்ரோலரைப் பிடிக்காதவர்களே கிடையாது. வீட்டுக்கு வந்து ஒரு மாதம் போன பிறகும் பிடிக்குமா என்பதுதான் கேள்வி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஆட ஆசைப்படும் ஒரு குறிப்பிட்ட கேம் அந்தக் கருவி இல்லாமல் ஓடவே ஓடாது என்றால் வாங்குங்கள். "முதலில் வாங்கி வைப்போம், கேம்கள் தானாக வரும்" என்று நினைத்தால் வேண்டாம். அப்படி நினைத்தவர்களுக்குப் பெரும்பாலும் வரவில்லை. ஏன் என்பதைக் கீழே பார்க்கலாம். படிகளை இதே வரிசையில் பாருங்கள். முதல் இரண்டிலேயே பலருக்கு விடை கிடைத்துவிடும்.

படி 1: கையில் இருப்பதை முதலில் பாருங்கள்

பலர் மறந்துவிடுவது இதைத்தான். இன்றைய கன்ட்ரோலர்கள் பலவற்றில் அசைவை உணரும் சென்சார் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. பிளேஸ்டேஷன் 4-இன் டூயல்ஷாக் 4, பிளேஸ்டேஷன் 5-இன் டூயல்சென்ஸ், நின்டெண்டோ ஸ்விட்சின் ஜாய்-கான், ப்ரோ கன்ட்ரோலர் என எல்லாவற்றிலும் கைரோஸ்கோப் (சுருக்கமாகக் கைரோ, திருப்பத்தை அளக்கும் சென்சார்) உண்டு. இதை வைத்துக் கன்ட்ரோலரைச் சாய்த்துக் காரை ஓட்டலாம், மணிக்கட்டைத் திருப்பிக் குறி வைக்கலாம்.

குறிப்பாகக் குறி வைப்பதை ஒருமுறை முயன்று பாருங்கள். 2015-இல் வந்த ஸ்பிளாட்டூன் என்ற கேம் இதைப் பரவலாக்கியது. பெரிய திருப்பத்துக்குக் கட்டைவிரலால் தள்ளும் ஸ்டிக், கடைசி நுணுக்கத்துக்கு மணிக்கட்டு. முதல் ஒரு மணி நேரம் எரிச்சலாகத்தான் இருக்கும். பழகிவிட்டால் வெறும் ஸ்டிக்கை வைத்துக் குறி பார்ப்பது பெரிய வேதனையாகத் தோன்றும். மோஷன் தொழில்நுட்பத்தில் இன்று உண்மையிலேயே பயன்படுவது எது என்று கேட்டால், நான் இதைத்தான் காட்டுவேன். இதற்குத் தனியாகக் காசு எதுவும் வேண்டாம். செட்டிங்ஸில் கைரோ அல்லது மோஷன் ஏய்மிங் என்று தேடினால் போதும்.

எக்ஸ்பாக்ஸ்காரர்களுக்கு வேறு கதை. எக்ஸ்பாக்ஸ் ஒன், சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் ஆகியவற்றோடு வரும் கன்ட்ரோலர்களில் கைரோ கிடையாது. உடல் அசைவைக் கேமராவால் பார்க்கும் எக்ஸ்பாக்ஸ் கருவியான கினெக்ட், சீரிஸ் எக்ஸிலும் எஸ்ஸிலும் வேலை செய்யாது. வேறு எங்காவது மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய கினெக்டை வாங்கிவிட வேண்டாம்.

நடனத்துக்காக மட்டும் வாங்க நினைக்கிறீர்களா? ஜஸ்ட் டான்ஸ் வரிசையின் புதிய பதிப்புகளில் கையில் மொபைலைப் பிடித்துக்கொண்டே ஆடலாம். மொபைலில் இருக்கும் சென்சாரே அசைவைக் கணக்கிடும். செலவு அதோடு முடிந்தது.

படி 2: எந்த கேமுக்காக? பெயர் சொல்லுங்கள்

ஒரு காகிதத்தில் கேம்களின் பெயரை எழுதுங்கள். "குடும்பத்தோடு ஆட", "உடற்பயிற்சிக்கு" என்றெல்லாம் எழுதக் கூடாது, பெயர்தான் வேண்டும். ஒன்றுகூட எழுத வரவில்லை என்றால் இந்த வழிகாட்டியை இங்கேயே மூடிவிடலாம்.

இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் இருக்கிறது. தனியாக விற்கும் கருவிகளுக்கு ஒரு சாபம் உண்டு. கன்சோல் வைத்திருப்பவர்களில் ஒரு பகுதியினரிடம்தான் அந்தக் கருவி இருக்கும். கேம் தயாரிப்பவர், எல்லோரிடமும் இருக்கும் சாதாரண கன்ட்ரோலருக்குத்தான் கேம் எழுதுவார். கேம் வராததால் கருவி விற்காது, கருவி விற்காததால் கேம் வராது. 1989-இல் வந்த பவர் கிளவ் என்ற கையுறை தொடங்கி இதுதான் நடக்கிறது. அதற்கென்றே செய்யப்பட்டு வெளியான கேம்கள் இரண்டே இரண்டு.

நின்டெண்டோவின் வீ கன்சோல் ஏன் தப்பித்தது என்றால், 2006-இல் அது வந்தபோதே மோஷன் கன்ட்ரோலர் பெட்டிக்குள் இருந்தது. யாரும் தனியாக வாங்க வேண்டியிருக்கவில்லை. எல்லோரிடமும் இருந்ததால் எல்லோரும் அதற்குக் கேம் எழுதினார்கள். 10 கோடிக்கும் மேல் விற்றது. அதே நின்டெண்டோ 2009-இல் மோஷன்பிளஸ் என்று ரிமோட்டில் மாட்டும் ஒரு சிறு கைரோ துண்டைத் தனியாக விற்றபோது, அதைக் கட்டாயமாகக் கேட்ட கேம்கள் மிகச் சில. அவற்றில் ஒன்றான வீ ஸ்போர்ட்ஸ் ரிசார்ட்டோடு அந்தத் துண்டையே சேர்த்துக் கொடுத்தார்கள். கடைசியில் 2010-இல் அதைக் கன்ட்ரோலருக்குள்ளேயே வைத்து விற்றுவிட்டார்கள்.

கினெக்ட் கதை இன்னும் சுவையானது. 2010 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலுக்கு வந்து முதல் 60 நாட்களில் 80 லட்சம் விற்றது. அவ்வளவு வேகமாக விற்ற மின்னணுக் கருவி அதுவரை இல்லை என்று கின்னஸ் பதிவு செய்தது. அடுத்த கன்சோலான எக்ஸ்பாக்ஸ் ஒன்னில், 2013-இல், கினெக்டைக் கட்டாயமாகச் சேர்த்தார்கள். அதனால் விலை ஏறியது, மக்கள் முகம் சுளித்தார்கள், 2014 ஜூனிலேயே கினெக்ட் இல்லாத பெட்டி வந்துவிட்டது. 2017-இல் தயாரிப்பையே நிறுத்தினார்கள். முதல் வாரம் பறந்து விற்றது என்பதை வைத்து ஒரு கருவியின் ஆயுளைக் கணிக்க முடியாது.

இந்தச் சாபத்திலிருந்து தப்பும் வழி ஒன்றுதான்: கேமும் கருவியும் ஒரே பெட்டியில் வருவது. 2019-இல் ஸ்விட்சுக்கு வந்த உடற்பயிற்சி கேமான ரிங் ஃபிட் அட்வென்ச்சர் அப்படிப்பட்டது. வளையமும் தொடைப்பட்டையும் கேமோடு சேர்ந்தே வருகின்றன. அந்த வளையத்துக்கு வேறு கேம்கள் வரவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, வராவிட்டால் நஷ்டமும் இல்லை. 1.5 கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது. "கேமை வாங்குகிறேன், கருவி கூட வருகிறது" என்ற வகையில் அமைந்தால் தைரியமாக வாங்கலாம்.

படி 3: அது எப்படி உணர்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெட்டிமேல் எல்லாக் கருவிகளும் ஒரே மாதிரிதான் பெருமை பேசும். உள்ளே வேலை செய்யும் விதம் வேறு, அதைப் பொறுத்துத்தான் உங்கள் அறையில் எது சரிப்படும் என்பது அமையும்.

முதல் வகை, சென்சாரைக் கருவிக்குள்ளேயே வைத்திருப்பது. முடுக்கமானி அசைவின் வேகமாற்றத்தையும் சாய்வையும் சொல்லும், கைரோஸ்கோப் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று சொல்லும். முதல் வீ ரிமோட்டில் முடுக்கமானி மட்டும்தான் இருந்தது. அதனால்தான் வீ ஸ்போர்ட்ஸ் டென்னிஸில், எழுந்து நின்று முழுக்கையையும் வீசி வியர்த்தவரை, சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டை மட்டும் சுண்டியவர் ஜெயித்தார். கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். கைரோ வந்த பிறகு துல்லியம் கூடியது, கூடவே ஒரு குறையும் வந்தது. கைரோ திருப்பத்தைக் கூட்டிக் கூட்டித்தான் திசையைக் கணக்கிடுகிறது. சிறு பிழைகளும் சேர்ந்துகொண்டே போகும். கொஞ்ச நேரத்தில் நீங்கள் நேராகப் பிடித்திருந்தாலும் திரையில் குறி ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். கன்ட்ரோலரை மேசைமேல் வைத்துச் சரிசெய்யச் சொல்வதும், குறியை நடுவுக்குக் கொண்டுவர ஒரு பட்டன் கொடுப்பதும் இதற்காகத்தான். இது பழுது இல்லை. ஆனால் ஸ்டிக்கைத் தொடாமலே பாத்திரம் தானாக நடந்தால் அது வேறு: ஸ்டிக் தேய்ந்துவிட்டது, அது பழுதுதான்.

இரண்டாவது வகைக்கு வெளியே ஒரு துணை வேண்டும். டிவி பக்கம் வைக்கும் வீயின் சென்சார் பார் எதையும் உணர்வதில்லை. அதன் இரண்டு முனைகளிலும் அகச்சிவப்பு விளக்குகள் இருக்கின்றன, அவ்வளவுதான். பார்ப்பது ரிமோட்டின் மூக்கில் இருக்கும் கேமரா. இரண்டு மெழுகுவத்திகளைத் தள்ளித் தள்ளி வைத்தாலும் வேலை செய்யும் என்பது அந்தக் காலத்து வேடிக்கை. பிளேஸ்டேஷனின் மோஷன் கன்ட்ரோலரான மூவில் நேர் எதிர்: கேமரா டிவி பக்கம் இருக்கிறது, உங்கள் கையில் ஒளிரும் பந்து. பந்தின் அளவு தெரியும் என்பதால், படத்தில் அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை வைத்தே தூரத்தைக் கணக்கிட்டுவிடும். துல்லியத்தில் அந்தத் தலைமுறையில் இதுதான் கெட்டி. கேமராவின் பார்வையிலிருந்து கை விலகினால் மட்டும் தடுமாறும்.

மூன்றாவது, கையில் எதுவுமே இல்லாத வகை. முதல் கினெக்ட், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறை முழுக்கத் தெளித்து, அவை எப்படி விலகுகின்றன என்பதை வைத்து உடலின் ஆழத்தை அளந்தது. வித்தையாகப் பார்க்க அருமை. ஆனால் பட்டன் இல்லை. சாதாரண மெனுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கையைத் தூக்கி நிறுத்தி வைத்துக் காத்திருக்க வேண்டும். ஜன்னல் வழியாக நேர் வெயில் விழும் அறையில் அகச்சிவப்பை நம்பும் எல்லாக் கருவிகளும் முரண்டு பிடிக்கும்.

படி 4: அறையை அளந்து பாருங்கள்

டேப் எடுங்கள். கண்ணால் மதிப்பிட்டால் எல்லா அறையும் பெரிதாகத்தான் தெரியும்.

டிவி முன்னால் நீங்கள் நிற்கப்போகும் இடத்தில் நின்று இரண்டு கைகளையும் விரித்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். பிறகு ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்குங்கள். மின்விசிறி, தொங்கும் விளக்கு, அலமாரி முனை, மேசை விளிம்பு என எதுவும் தட்டக் கூடாது. அந்த இடத்திலிருந்து டிவி வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். முதல் கினெக்டுக்கு ஒருவர் ஆட சுமார் 6 அடி, இருவர் ஆட 8 அடி தள்ளி நிற்க வேண்டியிருந்தது. கேமராவை நம்பும் எதற்கும் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளலாம். கருவிக்குள்ளேயே சென்சார் இருக்கும் வகைக்குத் தூரம் முக்கியமில்லை, கை வீச இடம் இருந்தால் போதும்.

அடுத்தது, அந்த இடம் எப்போதும் காலியாக இருக்குமா? ஒவ்வொரு முறையும் மேசையை நகர்த்தித்தான் ஆட வேண்டும் என்றால், மூன்றாவது வாரம் யாரும் மேசையை நகர்த்தப் போவதில்லை. மோஷன் கருவிகளை அலமாரிக்குள் அனுப்பிவைப்பதில் கேம் பற்றாக்குறைக்கு அடுத்த இடம் இந்த மேசைக்குத்தான்.

கீழ்வீட்டுக்காரர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். ரிங் ஃபிட்டில் நின்ற இடத்திலேயே ஓட வேண்டும். மாடி வீட்டில் இருப்பவர்களுக்காகவே, ஓடுவதற்குப் பதில் முழங்காலை மடக்கி எழும் சத்தமில்லாத முறை ஒன்றை அதில் வைத்திருக்கிறார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் அதிலும் பார்த்துத்தான் ஆட வேண்டும்.

கைப்பட்டையைக் கட்டாயம் மாட்டுங்கள். வீ வந்த புதிதில் வியர்த்த கையிலிருந்து ரிமோட் பறந்து டிவியை உடைத்த கதைகள் அதிகமாகி, 2006 டிசம்பரில் சுமார் 32 லட்சம் பட்டைகளை நின்டெண்டோ மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது.

படி 5: உங்கள் கன்சோலோடு சேருமா?

பணம் வீணாவது அதிகமும் இங்கேதான். ஒரே பெயர், ஒரே நிறுவனம் என்பதால் சேரும் என்று நினைத்துவிடுகிறோம்.

ஸ்விட்ச் லைட்டை எடுத்துக்கொள்வோம். அதில் கன்ட்ரோலர்கள் கழலாது. ரிங் ஃபிட் ஆட வேண்டுமானால், வளையத்திலும் தொடைப்பட்டையிலும் செருக ஜாய்-கான் ஜோடியைத் தனியாக வாங்க வேண்டும். அவற்றை லைட்டில் மாட்டிச் சார்ஜ் செய்ய முடியாது என்பதால் சார்ஜ் செய்யும் ஸ்டாண்டும் வாங்க வேண்டும். லைட்டை டிவியிலும் இணைக்க முடியாது. சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து எழ வேண்டும். தனித்தனியாகக் கேட்டால் எல்லாம் "வேலை செய்யும்", ஆனால் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-இலும் ரிங் ஃபிட் ஓடும். ஆனால் புதிய ஜாய்-கான் 2 அந்த வளையத்தில் பொருந்தாது, பழைய ஜாய்-கானில் இருந்த அகச்சிவப்புக் கேமராவும் அதில் இல்லை. எனவே பழைய ஜோடி ஒன்று வேண்டும். அது வயர்லெஸ்ஸில் இணையும், ஆனால் ஸ்விட்ச் 2-இல் மாட்டிச் சார்ஜ் ஏற்ற முடியாது. பழைய ஸ்விட்சை விற்கப்போகிறவர்கள் ஜாய்-கானையும் சேர்த்துக் கொடுத்துவிடாமல் இருந்தால் நல்லது.

பிளேஸ்டேஷனில் குழப்பம் இன்னும் அதிகம். பிளேஸ்டேஷன் 3-க்கு வந்த மூவ் கேம்களின் டிஸ்க் பிளேஸ்டேஷன் 4-இல் ஓடாது. மூவ் கருவிகள் பின்னர் 2016-இல் வந்த பிஎஸ் விஆர் என்ற, கண்முன் திரை வைக்கும் தலைக்கவசத்தோடு இரண்டாவது வாழ்க்கை வாழ்ந்தன. அந்தத் தலைக்கவசத்தைப் பிளேஸ்டேஷன் 5-இல் இணைக்க பிளேஸ்டேஷன் 4-இன் கேமராவும் ஒரு அடாப்டரும் வேண்டும், 5-க்கென்று விற்ற எச்டி கேமரா உதவாது. 2023-இல் வந்த பிஎஸ் விஆர் 2-வுக்கோ மூவ் தேவையே இல்லை. அதற்கான சென்ஸ் கன்ட்ரோலர்கள் பெட்டியிலேயே வருகின்றன. பழைய விஆர் கேம்கள் அதில் அப்படியே ஓடவும் ஓடாது. ஆக, இன்று மூவ் வாங்குவதற்கு ஒரே நியாயம்: பழைய பிஎஸ் விஆர் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது.

ஸ்விட்சுக்கு மற்ற நிறுவனங்கள் செய்யும் மலிவு கன்ட்ரோலர்களில் கைரோ இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அட்டையில் மோஷன் என்று தெளிவாகப் போட்டிருந்தால்தான் உண்டு.

படி 6: டிவி

டிவியில் கேம் மோடைப் போடுங்கள். படத்தை வழுவழுப்பாக்கும் வசதியை நிறுத்துங்கள். இரண்டும் செய்யாமல் "கருவி மெதுவாக இருக்கிறது" என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. பட்டன் அழுத்தும்போது தெரியாத தாமதம், கையை வீசும்போது பளிச்சென்று தெரியும்.

படி 7: மொத்தக் கணக்கு

அட்டையில் இருப்பது ஒரு கருவியின் விலை. இருவர் ஆட இரண்டு வேண்டும். சில கேம்களில் ஒருவருக்கே இரண்டு கைக்கும் இரண்டு வேண்டும். கேமரா, அடாப்டர், சார்ஜ் ஸ்டாண்ட், வீ ரிமோட் மாதிரி ஏஏ பேட்டரி தின்னும் கருவி என்றால் ரீசார்ஜ் பேட்டரியும் அதற்கான சார்ஜரும். ஸ்விட்சோடு வரும் ஜாய்-கான் கிரிப் சார்ஜ் ஏற்றாது, சார்ஜ் ஏற்றும் கிரிப் தனி. கடைசியில் கேமின் விலை. எல்லாவற்றையும் கூட்டி, படி 2-இல் எழுதிய கேம்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். வரும் தொகையை அந்த ஒரு கேமுக்குக் கொடுக்க மனம் ஒப்புமா?

ராக்கெட், பேட், கோல்ஃப் மட்டை, ஸ்டியரிங் வடிவத்தில் விற்கும் பிளாஸ்டிக் கூடுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவற்றுள் மின்னணு எதுவும் கிடையாது. 2008-இல் மாரியோ கார்ட் வீயோடு வந்த சக்கரமே வெறும் கூடுதான். சிறு குழந்தைகளுக்கு ஸ்டியரிங் கூடு உதவும், எப்படிப் பிடிப்பது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. மட்டைகள் வேண்டாம். கையின் வீச்சு நீளும், எடை நுனிக்குப் போகும், பிடி நழுவினால் அடி பலமாக விழும்.

படி 8: பழையது வாங்குவதாக இருந்தால்

மோஷன் கருவிகள் செகண்ட் ஹேண்டில் ஏராளம், பலவும் அதிகம் தொடப்படாதவை. ஆகவே விலையை நன்றாகக் குறைத்தே கேட்கலாம். பார்க்க வேண்டியவை:

- பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது.
- உள்ளேயே பேட்டரி உள்ள மூவ் போன்றவை வருடக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்திருந்தால் சார்ஜ் பிடிக்காமல் போகலாம். கண்முன்னே இணைத்து ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள். மூவில் பழையதற்கு மினி யுஎஸ்பி, பின்னர் வந்ததற்கு மைக்ரோ யுஎஸ்பி. எந்த வயர் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.
- மேசைமேல் அசையாமல் வைத்துத் திரையில் குறி ஓடுகிறதா என்று பாருங்கள். மெல்ல ஒதுங்கினால் சரிசெய்துகொள்ளலாம், துள்ளினால் விட்டுவிடுங்கள்.
- கினெக்ட் என்றால் எந்தத் தலைமுறை, எந்த இணைப்பு என்று பாருங்கள். 360-இன் கினெக்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் வேலை செய்யாது. ஒன் எஸ், ஒன் எக்ஸ் கன்சோல்களில் கினெக்டுக்கான போர்ட்டே இல்லை, தனி அடாப்டர் வேண்டும். அந்த அடாப்டரின் தயாரிப்பும் நின்றுவிட்டது.
- போலி ஜாய்-கான்களில் அகச்சிவப்புக் கேமரா பெரும்பாலும் இருக்காது. வலது கன்ட்ரோலரின் அடிப்பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி மாதிரி தெரிந்தாலும், கன்சோலில் சோதித்தால்தான் உண்மை தெரியும்.

படி 9: திருப்பிக் கொடுக்கும் தேதிக்குள் முடிவெடுங்கள்

வாங்கியாயிற்று என்றால், முதல் நாள் விருந்தினர் வந்திருக்கும்போது ஆடிய ஆட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அன்று எதுவும் நன்றாகத்தான் இருக்கும். யாரும் இல்லாத ஒரு சாதாரண மாலையில், களைப்பாக இருக்கும்போது, அதை எடுத்தீர்களா என்று பாருங்கள். இரண்டு வாரத்தில் இரண்டு முறைகூட அப்படி எடுக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். உடற்பயிற்சிக்காக வாங்கியவர்கள் இந்தச் சோதனையில் கொஞ்சம் கூடுதல் நேர்மையோடு இருக்க வேண்டும். "அடுத்த திங்கள் முதல்" கணக்கில் வராது.

கடைக்குத் திருப்ப முடியாமல், விற்கவும் மனமில்லாமல் உள்ளே வைப்பதாக இருந்தால், ஏஏ பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள். உள்ளே பேட்டரி உள்ளதைப் பாதி சார்ஜில் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை ஏற்றுங்கள். தொடைப்பட்டை, அடாப்டர், வயர் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். பின்னால் விற்கும்போது கருவியைவிட அந்த அடாப்டருக்குத்தான் ஆள் தேடி வருவார்கள்.